வெளிப்பக்கம் ஒரு கொண்டி

உன் வீட்டின் வரைபடத்தைப் போன வாரம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கினேன். சுருட்டி வைத்த டிரேசிங் தாள் முழுக்க அந்துருண்டை வாசனை. விரித்தால் மறுபடி சுருண்டுகொள்ளப் பார்த்தது. மூக்குக்கண்ணாடிக் கூடு, பஞ்சாங்கம், உப்பு டப்பா, ஒரு பழைய பேனா ஸ்டாண்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மூலைக்கு ஒன்றாக வைத்து அமுக்கினேன். கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம். நீ காபி டம்ளரை வைத்த இடம். "அய்யய்யோ, ஆபீசு பேப்பராச்சே" என்று நீ முந்தானையால் துடைக்கத் துடைக்கக் கறை பெரிதானது. அன்றைக்கு உன்னைத் திட்டினேன்.

சங்கத்துத் தலைவியம்மா போன் செய்திருந்தார். அரியலூர் மறுபடியும் மாவட்டம் ஆகப்போகிறதாம், சங்கமும் ஒரு மலர் போடப்போகிறதாம். "அந்தப் பூட்டாத வூட்டப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடும்மா. பிளானையும் போட்டுருவம். உனக்குத்தான் அவங்களோட பழக்கம் ஜாஸ்தி" என்றார். சரி என்று சொல்லிவிட்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். தலைப்பைத் தாண்டி ஒரு வரி நகரவில்லை. மலருக்கு எழுத வராதது உனக்கு எழுத வருகிறது. எழுதுகிறேன்.

மாவட்டக் கதையில் உனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு. சங்கம் ஆரம்பித்தபோது பெரம்பலூர் மாவட்டம் என்று ரப்பர் ஸ்டாம்பு செய்தோம். அப்புறம் அரியலூர் தனி மாவட்டம் என்றார்கள், புது ஸ்டாம்பு வந்தது. அடுத்த வருஷமே அதெல்லாம் இல்லை என்றார்கள், பழைய ஸ்டாம்பைத் தேடி எடுத்தோம். "ஒங்க சங்கத்துக்கு மாவட்டம் மாறுறதே பொழப்பாப் போச்சு. என்னால பக்கத்துத் தெருவுக்கு மாற முடியல" என்றாய். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீ வேடிக்கையாகப் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியிருந்தாய். அதனாலேயே நீ சொன்ன எதையும் நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் ஏழு பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தலைவியம்மா, இரண்டு டீச்சர்கள், ஒரு நர்ஸ், ஒரு வக்கீல் மனைவி, ஒரு தபால் ஆபீஸ்காரி, நில அளவை ஆபீசில் படம் வரையும் நான். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிப் பழைய வீடுகளின் சுவரெல்லாம் விரிசல் விட்டுக்கொண்டிருந்த காலம். விரிசல் விட்டால் இடிப்பார்கள், இடித்தால் தூணும் உத்தரமும் லாரி ஏறிவிடும். அதைத் தடுக்க வேண்டும் என்று கிளம்பினோம். "பொம்பளைங்களுக்கு வேற வேலை இல்ல" என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சே எங்களுக்கு டானிக். வீட்டுக்காரர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினோம்: சங்கத்தைக் கேட்காமல் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற மாட்டோம் என்று. எழுதியவள் நான். செயலாளர் இல்லையா.

பெரம்பலூர் போகும் சாலையில் உன் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, உன் வீட்டை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு மூச்சே நின்றுபோனது. பதினாலு அறை, நடுவில் முற்றம், ஒரே மரத்தில் இழைத்த வாசற்கதவு. உன் கொழுந்தனார் பெருமையாக வந்து நின்று கதை சொன்னார். அவருடைய பாட்டனார் காலத்தில் ஒரு பஞ்சம் வந்ததாம். பசியோடு எந்நேரம் யார் வந்தாலும் இந்தக் கதவில் பூட்டைப் பார்க்கக் கூடாது என்று அவர் சத்தியம் செய்தாராம். அதனால் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டு, பூட்டு மாட்ட வெளியே கொண்டி கிடையாது. கொல்லைக் கதவும் அப்படியே. வீட்டில் எப்போதும் ஒரு ஆளாவது இருந்தாக வேண்டும். "இன்னிக்கி வரைக்கும் இந்த வூட்டுல பூட்டுத் தொங்குனதில்லைங்க" என்றார். 

அவர் இருந்தது அடுத்த தெருவில், கிரில் கேட்டு போட்ட மெத்தை வீட்டில். அந்த கேட்டில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பூட்டுத் தொங்கியதை நான் அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் நினைக்கவில்லை. சங்கத்துத் துண்டுப் பிரசுரத்தில் முதல் வரியாக என்ன எழுதினேன் தெரியுமா? 'தலைமுறை தலைமுறையாகப் பூட்டையே அறியாத வீடு.' எழுதி முடித்து இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அந்தச் சத்தியம் செய்தபோது அந்த வீட்டில் இருபது பேர் இருந்தார்கள். ஒருவர் வெளியே போனால் பத்தொன்பது பேர் உள்ளே. பிறகு ஒவ்வொருவராகத் திருச்சிக்கும் சென்னைக்கும் போனார்கள். மாமனார் மாமியார் காலமானார்கள். உன் புருஷனும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது நீயும் உன் மகள் சுமதியும். சுமதி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நீ கடைக்குப் போவாய். அவள் திருச்சியில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு அதுவும் இல்லை. பாட்டனார் சத்தியத்தை மொத்தமாக நீ ஒருத்தி சுமந்தாய்.

அளவெடுக்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? டேப்பின் ஒரு முனையை நீ பிடித்தாய், மறுமுனையோடு நான் நடந்தேன். "எதுக்குடி மெனக்கெடுற? என்னயக் கேளு, சொல்றேன். வாசப்படிலேருந்து கொல்லைக் கதவுக்கு எம்பத்தி ஆறு எட்டு. சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல எண்ணிக்கிட்டேதான் நடப்பேன்" என்றாய். முதல் தடவை வந்தபோது "வாங்க, ஒக்காருங்க" என்று மோர் கொடுத்தவள், அந்த டேப் பிடித்த நாளில் என்னை 'டி' போட்டுக் கூப்பிட ஆரம்பித்தாய். எனக்கு அது பதவி உயர்வு மாதிரி இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஒரு சிநேகிதி கிடைப்பது லேசான காரியமா?

ஒருமுறை கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தாய். பல்வலி வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. கொழுந்தனார் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால், வந்து வீட்டில் இருக்க ஆள் இல்லை, அரியலூருக்கு டாக்டரிடம் போக முடியவில்லை. கிராம்பை மென்றுகொண்டே "பல்லையும் பழசுன்னு சங்கத்துல சேத்துருடி, புடுங்காம இருக்கட்டும்" என்றாய். அதற்கும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு ஆபீசுக்கு லீவு. நான்கு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து தூண்களைப் படம் வரைந்தேன். 'நான் இருக்கிறேன், நீ போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வா' என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. நெஞ்சில் கையை வைத்து யோசித்தாலும், ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நீ அந்த வீட்டின் ஒரு பாகம் என்று நினைத்துவிட்டேனோ என்னவோ.

சுமதிக்கு மாப்பிள்ளை பெரம்பலூரில் அமைந்தார். கல்யாணமும் அங்கேதான், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மண்டபத்தில். உன் தெருவே வேன் ஏறப்போகிறது. வீட்டில் யார் இருப்பது? கொழுந்தனாரிடம் நீ கேட்டாய். அவர் எங்களைவிட நல்லவராக இருந்தார். "காலம் மாறிப்போச்சு அண்ணி. ஒரு கொண்டியப் போட்டுப் பூட்டிட்டு வாங்க. பாட்டனாரு கோவிச்சுக்க மாட்டாரு. ஆனா சங்கத்துல கையெழுத்துப் போட்டுருக்கம், அவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றாராம்.

நீ எங்கும் வர முடியாது என்பதால் சங்கக் கூட்டமே உன் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். அன்றும் பாய் விரித்து, எங்கள் ஏழு பேருக்கும் போண்டா போட்டுக் கொடுத்துவிட்டு, அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாய்.

"வாசக்கதவுல வெளிப்பக்கம் ஒரு கொண்டி போட்டுக்கட்டுங்களா? ஒரு நாளைக்குத்தான். கல்யாணம் முடிஞ்சதும் கழட்டிடச் சொல்றேன்."

தலைவியம்மா போண்டாவைக் கீழே வைத்தார். "அது என்னா கதவு தெரியுமாம்மா? ஆணி எறங்குனா ஓட்டை ஓட்டைதானே? அடுத்த மாசம் சென்னையிலேருந்து ஆபீசருங்க வராங்க. பழமை மாறாம இருக்கான்னுதான் பாப்பாங்க. பூட்டே இல்லாத வூடுன்னு எழுதிக் குடுத்துட்டு, கொண்டியக் காட்டுனா என்ன நெனப்பாங்க?"

"தொறந்து போட்டுட்டும் போவ முடியாதுங்களே" என்றாய். அதுவும் எங்களால் வந்த வினை. பழைய பித்தளையும் மரச் சிற்பமும் திருடுகிற கும்பல் சுற்றுகிறது என்று வீட்டுக்கு வீடு போய்ப் பயம் காட்டியிருந்தோமே.

நர்ஸ் மட்டும் "பொண்ணு கல்யாணமாச்சே" என்று இழுத்தார். யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. உனக்கு ஓட்டு இல்லை. உறுப்பினர் ஆக வேண்டுமென்றால் வருஷாந்திரக் கூட்டத்துக்கு அரியலூர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி. தீர்மான நோட்டில் நான் எழுதினேன்: 'வாசற்கதவில் எவ்வித மாற்றமும் செய்ய வேண்டாம் என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.' நீ காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாய்.

மற்றவர்கள் கிளம்பிய பிறகு அடுக்களையில் என்னைப் பிடித்துக்கொண்டாய். "அப்ப நீ வந்து ஒக்காந்துக்கிறியாடி? காலைல ஆறு மணிக்கு நான் போனேன்னா பதினோரு மணிக்குள்ள ஓடியாந்துருவேன். நான் முன்னாடியெல்லாம் போயி நிக்க மாட்டேன். தாலியத்தவ முன்னால வந்தாங்கிற பேச்சு எனக்கு வேணாம். கடைசி நாக்காலில ஒக்காந்து பாத்துட்டு வந்துடுறேன். ஒருத்தி கண்ணுலயும் பட மாட்டேன்."

உள்ளே போய் ஒரு புடவையை எடுத்துவந்து காட்டினாய். சாம்பல் நிறம், மெல்லிசாக நீலக் கரை. கண்ணில் படாமல் இருப்பதற்கென்றே தேடி எடுத்த புடவை.

"பாக்கலாம்டி" என்றேன்.

நம் பக்கத்தில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? நீ புடவையை மடித்தாய். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்தக் கல்யாணத்தைப் பார்க்க ஆசை. சுமதிக்குக் காலேஜ் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் நான். ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டவள் நான், உன்னால்தான் வர முடியாதே. அவளுக்குப் பாதி அம்மா நான்தான் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. முழு அம்மாவை வீட்டில் வைத்துவிட்டுப் பாதி அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். பெற்றவளின் இடத்தில் போய் உட்கார்ந்தேன். இதற்கு வேறு பெயர் எதுவும் கிடையாது.

தாலி கட்டும் நேரத்தில் சுமதி தலையை நிமிர்த்தி மண்டபம் முழுக்கத் தேடினாள். கடைசி வரிசை வரைக்கும் அவள் கண் போனது. பிறகு குனிந்துகொண்டாள். கெட்டிமேளத்தில் என் காது அடைத்தது. கொழுந்தனார் மனைவி என் பக்கத்தில்தான் இருந்தாள். "அம்மா ஏன் வரலன்னு காலைலேருந்து நச்சரிச்சா. 'தாலியத்தவ வரக் கூடாதுன்னு ஒங்கம்மாவே வர மாட்டேன்னுட்டாங்க'ன்னு சொல்லிட்டம். வேற என்னத்தச் சொல்றது?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

மத்தியானம் பந்திச் சாப்பாட்டை டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. நீ அந்தச் சாம்பல் புடவையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாய்.

"வாங்க. சாப்ட்டீங்களா?" என்றாய்.

'டி' போய் 'ங்க' வந்துவிட்டது. சுமதி அழுதாளா என்று கேட்டாய். இல்லை என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு, கேரியரைத் திறக்காமல் அடுக்களையில் கொண்டுபோய் வைத்தாய். 

சென்னை ஆபீசர்கள் வந்தார்கள். கதவைத் தட்டிப் பார்த்தார்கள், உன் கையால் காபி குடித்தார்கள், போனார்கள். அப்புறம் ஒரு கடுதாசிகூட வரவில்லை.

சுமதி உன்மேல் வைத்த கோபம் மட்டும் போகவில்லை. படித்த பெண். தாலியறுத்தவள் வரக் கூடாது என்கிற மூடப் பேச்சை அம்மாவே பிடித்துக்கொண்டு தன் கல்யாணத்துக்கு வராமல் போனாளே என்று அவளுக்கு ஆறவே இல்லை. பொங்கலுக்கு வந்தால் சாயங்காலமே கிளம்பிவிடுவாள். நீ அவளிடம் நடந்ததைச் சொல்லவில்லை. ஒருநாள் நானே கேட்டேன். அப்போது மறுபடியும் 'டி'க்குத் திரும்பியிருந்தாய், எனக்குத் தகுதி இல்லாமலேயே.

"சொன்னா சித்தப்பாகிட்ட சண்டைக்குப் போவா. ஒன்மேலயும் பாய்வா. ஒன்மேல அவளுக்கு அம்மாம் மரியாதைடி. எனக்கப்புறம் அவளுக்கு யாரு இருக்கா? இருந்துட்டுப் போவட்டும்" என்றாய்.

அன்றிலிருந்து நானும் உன் வீடு மாதிரிதான் ஆனேன். உள்ளே ஆள் இருக்கிறது, வெளியே வர முடியவில்லை. சுமதி எனக்குப் போன் செய்து "அம்மாவுக்கு நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா ஆன்ட்டி" என்பாள். சொல்கிறேன் என்று போனை வைப்பேன். நல்லவள் என்ற பெயரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நீ பாட்டனார் சத்தியத்தில் மாட்டிக்கொண்டாய், நான் நல்ல பெயருக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, மூச்சு முட்டி, உன்னை அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்யாணமாகி வந்த பிறகு அந்த வீட்டுக்கு வெளியே நீ தொடர்ந்து தங்கியது அந்த நாலு ராத்திரிதான். கொழுந்தனார் மனைவி இரண்டு நாள் உன் வீட்டில் காவல் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆசாரியைக் கூட்டிவந்து கொண்டி அடித்துப் பூட்டிவிட்டாள். சங்கத்தை யாரும் கேட்கவில்லை. 

சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்தபோது உன்னிடம் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். "எத்தினி ஆணி?" என்றாய்.

"நாலு."

"ஆசாரிக்கு எம்மாம் நேரமாச்சாம்?"

"பத்து நிமிஷம்னாங்க."

சிரித்தாய். அதற்கு நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காமல் இருந்த உன் முதல் வேடிக்கை அதுதான். மறுநாள் விடிகாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தார். சுமதி வந்து சேரும்போது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அவள் அழவில்லை. "கடைசி வரைக்கும் வூடு வூடுன்னே இருந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த ஆமாம் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அதனால்தான் மலருக்கு எழுத முடியவில்லை. 'பூட்டையே அறியாத வீடு' என்று இன்னொரு தடவை என் கை எழுதாது. தலைவியம்மாவிடம் படத்தை மட்டும் கொடுத்துவிட்டு, கட்டுரைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சுமதிக்குப் போன் செய்தேன். நீ வேண்டாம் என்றது தெரியும். நீ சொன்ன பேச்சை எத்தனையோ தடவை கேட்காமல் இருந்திருக்கிறேன், இதையும் கேட்கவில்லை.

கொண்டி கேட்டது, தீர்மானம் எழுதியது, அடுக்களையில் நீ கெஞ்சியது, நான் பாக்கலாம் என்றது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நடுவில், லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை அல்லோ என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும், அதற்குத்தானே செய்தேன் என்று இருந்தேன். அவள் சங்கத்தைக் கேட்கவில்லை, சித்தப்பாவைக் கேட்கவில்லை, என்னையும் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா வரணும்னு நெனச்சாங்களா?" என்றாள்.

"ஆமா" என்றேன். "கட்டிக்கிறதுக்குப் பொடவைகூட எடுத்து வச்சிருந்தா."

"இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.